பெரிய தொடுதிரையில் காணொளிப் பாடம்: எங்கே நிறுத்துவது, யாரைத் தொடவிடுவது

எங்கள் பள்ளிக்கு 75 அங்குல டச் பேனல் வந்த புதிதில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீடியோவைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்தால் புரிகிறது என்று அர்த்தம் என நானே முடிவு செய்துகொண்டேன். பருவத் தேர்வுத் தாள் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பிள்ளைகள் படம் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் உஷாராகி, வீடியோவுக்கு நடுவே கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். அதில் வேறு சிக்கல். ஒரு பிள்ளை திரையைத் தொடுகிறது. மீதி 39 பேரும் அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்க்கிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்த 39 பேரை மனதில் வைத்து எழுதியது. மாதிரிக்கு ஒரே பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது? இதற்குத் தேவையான மென்பொருள்கள் எல்லாமே இலவசம். திரை மட்டும் ஏற்கெனவே உங்கள் வகுப்பில் இருக்க வேண்டும்.

படி 1: கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள்

பாடம் தயாரிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. திரைகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எழுத்தையும் படத்தையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமானால், பார்ப்பவர் திரையின் உயரத்தைப் போல் 6 மடங்குக்கு மேல் தள்ளி உட்காரக் கூடாது. 65 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 81 செ.மீ. அது 4.9 மீட்டர் வரை தாங்கும். 75 அங்குலம் 93 செ.மீ. உயரம், 5.6 மீட்டர். 86 அங்குலம் 107 செ.மீ. உயரம், 6.4 மீட்டர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை என்பது 6.1 மீட்டர் நீளம். ஆக 75 அங்குலத் திரை இருந்தாலும் கடைசி வரிசை எல்லைக்கோட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கை விடுங்கள், சோதித்துப் பாருங்கள். திரையில் 'மணை, மனை' என்று ஒரு வரி, 'வாழை, வாளை' என்று ஒரு வரி எழுதுங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே படித்துப் பார்ப்பது செல்லாது. என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமே! ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் தூரத்தில் ஒன்றாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். நான் எழுத்தின் உயரத்தை 4 செ.மீ.க்குக் குறைய விடுவதில்லை. அந்த அளவில் எழுதினால் ஒரு திரையில் நிறையச் சொற்களை அடைக்க முடியாது. கேள்வி தானாகவே சுருங்கிவிடும். நல்லதுதான்.

அடுத்தது மாட்டும் உயரம். எங்களுக்கு மாட்ட வந்தவர்கள் தலைவர் படம் மாட்டுவதுபோல உச்சியில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எம்பிக் குதித்தாலும் மேல் ஓரத்தைத் தொட முடியாது. திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ.க்குள் இருந்தால் 75 அங்குலத் திரை முழுவதும் அந்த வயதுப் பிள்ளைகளின் கைக்கு எட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குக் கீழ்ப்பாதியாவது எட்டும். ஏற்கெனவே உயரத்தில் மாட்டியாயிற்று, மாற்ற வழியில்லை என்றால், பிள்ளைகள் தொட வேண்டிய எல்லாவற்றையும் திரையின் கீழ்ப்பாதியில் வையுங்கள். மேல்பாதி பார்ப்பதற்கு மட்டும்.

படி 2: இரண்டு கேபிள்

இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். லேப்டாப்பிலிருந்து திரைக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டுமே கொண்டுபோகும். தொட்ட செய்தி திரையிலிருந்து லேப்டாப்புக்குத் திரும்பி வர வேண்டாமா? அதற்குத் தனியாக ஒரு யூ.எஸ்.பி. கேபிள் வேண்டும். ஒரு முனை வழக்கமான தட்டை வடிவம், மறுமுனை பெரும்பாலும் பழைய பிரிண்டர் கேபிளைப் போல் சதுரம். அது பெட்டிக்குள்ளேயே பிரிக்கப்படாமல் கிடக்கும். தேடுங்கள்.

இரண்டையும் செருகிய பிறகும் திரையைத் தொட்டால் லேப்டாப்பில் எங்கோ சுட்டி ஓடுகிறதா? விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் டேப்லட் பி.சி. செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் செட்டப் பட்டனை அழுத்தினால் எந்தத் திரை தொடுதிரை என்று கேட்கும். பெரிய திரையைத் தொட்டுக் காட்டினால் தீர்ந்தது.

திரையிலேயே உள்ள ஆண்ட்ராய்டில் பாடத்தை ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் வீடியோவுக்குச் சரி. கேள்விகள் பதித்த பாடக் கோப்பைச் சில திரைகளின் பிரவுசர் பென்டிரைவிலிருந்து திறக்க மறுக்கும். பாடம் நடத்தும் நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. என் ஓட்டு லேப்டாப்புக்கே.

படி 3: பேசாத காணொளியைத் தேடுங்கள்

நாசாவின் அறிவியல் காட்சிப்படுத்தல் கூடம் ஆண்டுதோறும் நிலவின் பிறைகளைக் காட்டும் காணொளி ஒன்றை வெளியிடுகிறது. மணிக்கு ஒரு படம் வீதம் ஓராண்டு முழுவதும், மொத்தம் 8,760 படங்கள். நொடிக்கு 30 படம் ஓடினால் 292 நொடியில் ஓர் ஆண்டு முடிந்துவிடும். பக்கத்தில் தேதி, தூரம் எல்லாம் எழுதிய பதிப்பு உண்டு, நிலவு மட்டும் தெரியும் பதிப்பும் உண்டு. இரண்டாவதை எடுங்கள். நாசா தயாரிக்கும் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமைத் தொல்லை கிடையாது, கல்விக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். யூடியூபில் கண்டதை அனுமதியில்லாமல் இறக்கிக்கொள்வதைவிட இது நிம்மதி.

எனக்கு இதில் பிடித்ததே இது பேசாது என்பதுதான். பேசும் வீடியோ ஓடும்போது ஆசிரியருக்கு வகுப்பில் இடமில்லை. பேசாத வீடியோவில் கேள்வி கேட்கலாம், பிள்ளைகள் வாய்விட்டு ஊகிக்கலாம், அதுவும் தமிழிலேயே.

இப்போது கொஞ்சம் கணக்கு. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள், அதாவது 708 மணி நேரம். நொடிக்கு 30 மணி நேரம் வீதம் ஓடினால் ஒரு முழுச் சுற்று 24 நொடிக்குள் அடங்கிவிடும். அந்த 24 நொடியை மட்டும் வெட்டி எடுங்கள். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் தரம் குறையாமல் வெட்டித் தரும்.

40 நிமிட வகுப்புக்கு 24 நொடி வீடியோ போதுமா? தாராளமாக.

படி 4: கணினியைத் திறக்காமல், காகிதத்தில்

பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. எங்கே நிறுத்தப் போகிறோம், நிறுத்தி என்ன கேட்கப் போகிறோம்?

நிறுத்துவதால் பலன் உண்டா என்பதைக் கற்றல் பற்றி ஆராயும் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001-ல் சோதித்துப் பார்த்தார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் 140 நொடி அசைபடம். ஒரு குழுவுக்கு நிற்காமல் ஓடியது. இன்னொரு குழுவுக்கு 16 துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு பட்டனை அழுத்தினால்தான் மேலே போகும். புதிய சிக்கலுக்கு அறிவைப் பொருத்திப் பார்க்கும் கேள்விகளில் துண்டாகப் பார்த்தவர்கள் மேலாகச் செய்தார்கள். இத்தனைக்கும் நடுவே கேள்வி எதுவும் இல்லை, வெறும் நிறுத்தம்தான். அது தனித்தனியாகக் கணினி முன் உட்கார்ந்தவர்களை வைத்துச் செய்த சோதனை. வகுப்பில் பட்டன் ஒருவர் கையில்தான் இருக்கும். அதனால் நிறுத்திய நேரத்தில் எல்லோருக்கும் வேலை கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

என் தாளில் இருப்பது இது. அமாவாசையை 0 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3-வது நொடி. மெல்லிய பிறை. "இன்னும் 3 நொடி ஓடினால் நிலா எப்படி இருக்கும்? சிலேட்டில் வரையுங்கள்." யாரும் திரைக்கு வர வேண்டாம்.

6-வது நொடி. பாதி நிலவு. வரைந்ததைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். பிறகு முக்கியமான கேள்வி: மீதிப் பாதி ஏன் தெரியவில்லை? அ) பூமியின் நிழல் விழுந்திருக்கிறது. ஆ) அந்தப் பாதியில் வெயில் படவில்லை. இ) மேகம் மறைத்திருக்கிறது.

12-வது நொடி. பௌர்ணமி. "இப்போது சூரியன் எங்கே? கையை நீட்டிக் காட்டுங்கள்." முதுகுப் பக்கம் காட்டுபவர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

18-வது நொடி. மீண்டும் பாதி, இம்முறை மறுபக்கம். "இந்த நிலாவை மாலையில் பார்க்க முடியுமா, காலையிலா?" நள்ளிரவு வாக்கில் உதித்துக் காலையில் உச்சியில் நிற்கும் நிலவு இது. பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் பார்த்திருக்கிறேன் என்று இரண்டு பேராவது சொல்வார்கள்.

நான்கு நிறுத்தம் போதும். நான் ஒருமுறை ஒன்பது வைத்தேன். வீடியோ என்றால் ஓட வேண்டாமா சார் என்று கேட்டுவிட்டார்கள்.

படி 5: லூமியில் பதிப்பது

வீடியோவுக்குள் கேள்வி பதிக்க எச்5பி என்ற திறமூல வடிவம் இருக்கிறது. முதல்முறை தேவையானதை இறக்கிக்கொண்டுவிட்டால், பிறகு இணைய வசதி இல்லாமல் சொந்தக் கணினியிலேயே அதைச் செய்ய லூமி என்ற மென்பொருள் உதவும். நிறுவி, புதிய பாடம் தொடங்கி, இன்டராக்டிவ் வீடியோ வகையைத் தேர்ந்தெடுத்து, வெட்டிய எம்.பி.4 கோப்பை ஏற்றுங்கள். யூடியூப் சுட்டியையும் கொடுக்கலாம்தான். ஆனால் வகுப்பில் நெட் போனால் பாடமும் போய்விடும்.

பிறகு நிறுத்தும் இடத்துக்கு வீடியோவை நகர்த்தி, மேலே உள்ள பட்டியலிலிருந்து கேள்வி வகையை எடுத்துப் போடுங்கள். பெரிய திரைக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கேள்வி பட்டனாகத் தோன்ற வேண்டுமா, போஸ்டராகத் தோன்ற வேண்டுமா என்று கேட்கும். போஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். பட்டன் என்றால் சின்ன வட்டம் மட்டும் தெரியும், தொட்டால்தான் கேள்வி விரியும். போஸ்டர் என்றால் நிறுத்தியதுமே 40 பேருக்கும் கேள்வி தெரியும். போஸ்டரின் மூலையைப் பிடித்து இழுத்துத் திரையின் கீழ்ப்பாதியை நிரப்புங்கள், மேலே நிலவு தெரியட்டும்.

வீடியோ நிற்க வேண்டும் என்ற பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் கேள்வி வந்த வேகத்தில் ஓடிவிடும்.

தவறான விடை தந்தால் வீடியோ பின்னால் போகட்டும் என்று அமைக்கும் வசதி உண்டு. தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு அருமையானது. வகுப்பில் வேண்டாம். எல்லோர் முன்னாலும் தவறாகத் தொட்ட பிள்ளையால் வீடியோ பின்னோக்கி ஓடினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை கை தூக்காது.

படத்தை இழுத்து வைக்கும் கேள்வி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுப்பதை நம்பித் திட்டமிடாதீர்கள். திரை 20 விரலைப் புரிந்துகொள்ளும் என்று விளம்பரத்தில் இருக்கும். உள்ளே ஓடும் பாடமும் புரிந்துகொள்ள வேண்டுமே.

தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த வினாத்தாளிலிருந்து ஒட்டினால் திரையில் ஆங்கிலக் குப்பைதான் வரும். 'செக்', 'ரீட்ரை' போன்ற பட்டன் சொற்களைப் படிவத்தின் கடைசியில் உள்ள பகுதியில் 'சரிபார்', 'மீண்டும் முயல்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்ததும் எச்.டி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து குரோமில் திறந்து பாருங்கள். முடிந்தால் முந்தைய நாள் மாலையே அந்தத் திரையிலேயே பாருங்கள், மேசைக் கணினியில் சரியாகத் தெரிந்தது பெரிய திரையில் நகர்ந்திருக்கும்.

படி 6: வகுப்பு

6-வது நொடிக் கேள்வியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

திரையில் பாதி நிலவு. கேள்வி தோன்றுகிறது. யாரையும் கூப்பிடாதீர்கள். "விரலால் சொல்லுங்கள். அ என்றால் ஒரு விரல், ஆ இரண்டு, இ மூன்று. நெஞ்சோடு ஒட்டிக் காட்டுங்கள்." நெஞ்சோடு ஒட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கையை உயர்த்தினால் முதல் மாணவரின் விரலைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்வார்கள். வகுப்பைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். என் வகுப்புகளில் எப்போதும் ஒற்றை விரல்தான் அதிகம். பூமியின் நிழல். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அங்கும் அதே ஒற்றை விரல்தான்.

சரியா தவறா என்று இப்போது சொல்லக் கூடாது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991 முதல் கடைப்பிடித்துப் பரப்பிய முறை இது: முதலில் தனியாக ஒரு முடிவு, பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு வாதம், அப்புறம் மறுபடி வாக்கு. சரியான விடை சொன்னவர்கள் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால் இந்த வாதம் எடுபடாது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும்போது வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகும். ஆகட்டும்.

இரண்டு நிமிடம் கழித்து ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள். "பாதி நிலா சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருக்கும்? உச்சியில். சூரியன்? மேற்கே. அப்படியானால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்?" கிழக்கே. நிலவு உச்சியில் இருக்கிறது, நிழல் கிழக்கே போகிறது. நிழல் எப்படி நிலவின் மேல் விழும்?

இப்போது திரையை இருட்டாக்குங்கள். பெரும்பாலான பேனல்களின் ரிமோட்டில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அந்தத் திரையிலேயே உபயோகமான பட்டன் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஒரு பந்து, ஒரு டார்ச். பந்தைப் பிடித்தபடி ஒரு பிள்ளை நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றட்டும், டார்ச் ஒரே இடத்தில் நிற்கட்டும். பந்தில் வெளிச்சம் பட்ட பாதி எப்போதும் பாதிதான். அதில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

மறுபடி திரை, மறுபடி விரல். இரண்டு விரல்கள் பெருகியிருக்கும். இப்போதுதான் ஒருவரைக் கூப்பிட்டு 'ஆ'வைத் தொடச் சொல்ல வேண்டும். முதலில் ஒற்றை விரல் காட்டியவரைக் கூப்பிடுங்கள். தொட்ட பிறகு அவர் மனதை மாற்றியது எது என்று சொல்லட்டும். அவருடைய முதுகை இப்போது யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் தங்கள் விடையை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள், அது சரியா என்று பார்க்கத்தான் காத்திருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும், தயாராக இருங்கள். "சார், நிலா ஏன் தலையாட்டுது?" வீடியோவில் நிலவு லேசாக ஆடும், சற்றே பெரிதாகிச் சிறிதாகும். அதன் பாதை நீள்வட்டம், தூரம் ஏறக்குறைய 3,56,500 கி.மீ.யிலிருந்து 4,06,700 கி.மீ. வரை மாறுகிறது. அதனால்தான் அளவு மாறுகிறது. ஓரங்களையும் நாம் கொஞ்சம் எட்டிப் பார்க்க நேர்கிறது, அதுதான் அந்த ஆட்டம். இன்னொன்று: "அப்போ ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் ஏன் வரல?" நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது.

படி 7: நிலவைப் படுக்க வைப்பது

தொடுதிரைக்கே உரிய வேலை ஒன்று இந்தப் பாடத்தில் உண்டு. திரையில் பிறை நிமிர்ந்து நிற்கும். நம் ஊர் வானத்தில் மாலைப் பிறை படகுபோலக் கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கும். நாசாவின் படம் வடக்கு மேலே இருக்கும்படி வரைந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மேற்கு வானில் இறங்கும் சூரியன் பிறைக்கு ஏறக்குறைய நேர் கீழே போகிறது. வெளிச்சம் கீழ்ப்பக்கத்தில் விழுகிறது.

ஓபன்போர்டு என்ற இலவசப் பலகை மென்பொருளைத் திறந்து, 3-வது நொடியில் நிற்கும் பிறையை மட்டும் திரைப்பிடிப்பாக வெட்டிப் பலகைப் பக்கத்தில் போடுங்கள். அடியில் ஒரு கோடு, அதுதான் தொடுவானம். படத்தைத் தொட்டால் சுழற்றும் கைப்பிடி தோன்றும். தான் பார்த்த மாதிரி வரும்வரை ஒரு பிள்ளை சுழற்றட்டும். இதில் வகுப்பே மேற்பார்வை பார்க்கும். "இன்னும் சாய்டா", "போதும் போதும்" என்று 39 பேரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தொடுதிரை மக்கர் செய்தால்

பெரிய திரைகளில் பலவும் செல்போன் திரை மாதிரி வேலை செய்வதில்லை. சட்டத்தின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அவற்றை மறித்த இடத்தைத்தான் திரை தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. யாருமே தொடாமல் கோடு விழுகிறதா? விளிம்பில் சாக்பீஸ் தூசியோ ஒட்டடையோ இருக்கும். எங்கள் வகுப்பில் ஒருமுறை சட்டத்தில் ஒரு பல்லி உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடம் பாடம் நடத்தியது. ஜன்னல் வெயில் நேரே விழுந்தாலும் தொடுகை தடுமாறும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். எழுதும்போது துப்பட்டாவோ சட்டைக் கையோ உரசினாலும் அதுவும் ஒரு தொடுகைதான். துடைப்பதற்கு அணைத்துவிட்டு உலர்ந்த மென்துணி. கண்ணாடியில் நேராக எதையும் தெளிக்க வேண்டாம்.

மின்சாரம் போனால்? சிலேட்டும் பந்தும் டார்ச்சும் கையில்தானே இருக்கின்றன.

இந்தப் பாடத்தை எந்த நாளில் வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கிழிக்கும் தினசரி காலண்டரில் அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள், மேகம் விடாது. மூன்றாம் பிறைக்கு முந்தைய நாள் படி 6 வரை நடத்துங்கள். மறுநாள் மாலை சூரியன் மறைந்ததும் மேற்கே பார்த்து, பிறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சிலேட்டில் வரைந்துகொண்டு வரச் சொல்லுங்கள். படி 7 அதற்கு அடுத்த நாள்.